மறுநாள்தான் தெரியும்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் வந்த லோடில் ஒரு பெட்டி மூலை நொறுங்கி வந்தது. தடிமனான கண்ணாடி, நடுவில் விரிசல் ஓடியிருந்தது. லாரிக்காரர் வழக்கம்போல ரோடு சரியில்லை என்றார். ரோடு எந்தக் காலத்தில் சரியாக இருந்தது, கட்டினவன் கட்டுதான் சரியில்லை என்று சொல்லி, பெட்டியை அப்படியே திருப்பி ஏற்றி அனுப்பினேன். அதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை.

குறை வேறு. பெட்டியைப் பிரித்துப் பார்த்தபோது சில்லு கையுறை போடவில்லை. விரல் முட்டியில் கீறிக்கொண்டான்.

சில்லு என் மச்சினன், மனைவியின் தம்பி. கடைக்கு அளவெடுக்கிறவன். ரத்தக் கோளாறு உள்ள ஆள் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தால் கடைப் பையன்கள் வேறு என்ன பேர் வைப்பார்கள்? வெளியில் இருப்பவர்கள் அதைத் தொழிலால் வந்த பேர் என்று நினைக்கிறார்கள். அவனும் திருத்துவதில்லை.

ரத்தம் நிற்காத ஆள் என்று சொல்வதும் சரியில்லை. நிற்கும். எல்லாருக்கும் போல உறையும். மறுநாள் அவிழும். ரத்தத்தில் பதிமூன்றாவது பொருள் என்று ஒன்று இருக்கிறதாம், உறைந்ததை இறுக்கிப் பிடிப்பது அதுதான். இவனுக்குப் பிறவியிலேயே அது இல்லை. கண்ணாடி ஒட்ட மட்டமான சிலிக்கான் பசை டியூப் வாங்கினால் இப்படித்தான் ஆகும். மேலே தோல் போட்டுவிடும், உள்ளே ஈரமாகவே கிடக்கும், காய்ந்துவிட்டது என்று கண்ணாடியை நிறுத்தினால் அடுத்த நாள் நழுவும்.

அதனால் எங்கள் வீட்டில் அடிபட்ட அன்றைக்கு யாரும் பதற மாட்டோம். மறுநாள்தான் பதற்றம். இன்றைக்குக் கீறல் நன்றாகக் காய்ந்துவிட்டது. காய்ந்துவிட்டதே என்றுதான் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

மார்ச் 5, புதன்

கசிந்தது. டீ டம்ளரில் சிவப்புக் கறை. துணியைச் சுற்றிக்கொண்டு அளவெடுக்கப் போய்விட்டான்.

மார்ச் 10, திங்கள்

ரத்த டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். நானும் மனைவியும் போனோம். சில்லு, பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு ஜன்னல் அளவு என்று நழுவிவிட்டான். டாக்டர் அம்மா சுற்றிவளைக்காமல் பேசுகிறவர், அதனாலேயே எனக்குப் பிடிக்கும். இதுவரை ரத்தம் வந்த பிறகு மருந்து கொடுத்தோம், இனிமேல் வராமலே இருக்க மாதாமாதம் கொடுக்கலாம் என்றார். அந்தப் பதிமூன்றாவது பொருளே தூளாகச் சின்னக் குப்பியில் வருகிறதாம். கரைத்து நரம்பில் ஏற்றினால் ஒரு மாதம் தாங்கும்.

"கையில வர்ற ரத்தத்துக்கு நான் பயப்படலைங்க. தலைக்குள்ள வந்தா? அதுக்கு மறுநாள் வரைக்கும் காத்திருக்க முடியாது" என்றார்.

மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. சின்ன வயதில் சில்லு ஊஞ்சலில் இருந்து விழுந்தபோது இவள் பள்ளிச் சிறுமி. விழுந்தவன் எழுந்து, சாப்பிட்டு, விளையாடிவிட்டுத் தூங்கினான். மறுநாள் சாயங்காலம் எழுப்பினால் எழவில்லை. நடிக்கிறான் என்று நினைத்து இவள் உலுக்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்தத் தடவை எப்படியோ பிழைத்தான். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னாள். அப்புறம் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

விலை என்ன என்றுதான் நான் முதலில் கேட்டேன். ஏதோ திட்டத்தில் வருகிறது, காசு வேண்டாம் என்றார்கள். சும்மா வருகிற சரக்கு என்றால் எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான்.

மார்ச் 11, செவ்வாய்

சில்லு சொன்ன பதில்: "வராத ரத்தத்துக்கு மருந்தா மாமா? வராத கஸ்டமருக்கு நீங்க கண்ணாடி வெட்டி வைப்பீங்களா?"

கடையே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மார்ச் 14, வெள்ளி

பிடிவாதக்காரக் கஸ்டமர்களை எத்தனை பேரைப் படிய வைத்திருக்கிறேன். ஜன்னல் கேட்டு வந்தவனுக்குக் கதவும் சேர்த்து விற்றவன் நான். இவனிடம் பலிக்கவில்லை. இன்று மதியம் முழுக்கப் பேசிப் பார்த்தேன். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டாமா என்று ஆரம்பித்தால், அவன் சாவதானமாகக் கேட்டான்:

"அந்த இன்சூரன்ஸ்காரர் கிடங்குக்கு பாலிசி எடுங்கன்னு செருப்புத் தேய நடந்தாரே, என்ன சொல்லி அனுப்புனீங்க?"

கண்ணாடி எரியாதுய்யா என்று சொல்லி அனுப்பினேன். சொன்னது உண்மை. இவன் பக்கத்தில் நின்று கேட்டதும் உண்மை.

இவனுக்காக ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறேன்? மனைவிக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். மறைப்பானேன், கட்டடக்காரர்களில் பாதிப் பேர் என் கடைக்கு வருவது இவன் முகத்துக்காக. அதுவும் ஒரு காரணம். எது முதல் காரணம் என்று கேட்டால், இன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 20, வியாழன்

இன்சூரன்ஸ்காரரை நானே கூப்பிட்டேன். அவர் தப்பான கடைக்கு வந்துவிட்டதாக நினைத்துத் திரும்பிப் போகப் பார்த்தார். கையெழுத்துப் போட்டுக் காகிதத்தைச் சில்லு முன்னால் வைத்து, இப்போது உன் முறை என்றேன்.

அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "ஊசி இடம் கொடுத்தாத்தான் நூல் நுழையும்பாங்க. இங்க நான் இடம் கொடுத்தாத்தான் ஊசியே நுழையும் போல" என்றான். வருகிறேன் என்றுதான் அர்த்தம்.

ஏப்ரல் 2, புதன்

முதல் ஊசி. இந்த மருந்து ஏற்றுகிற அறை குழந்தைகள் பிரிவில் இருக்கிறது, ஏனென்றால் வருகிறவர்கள் எல்லாம் குழந்தைகள். சுவரில் ஒட்டகச்சிவிங்கி. என் மச்சினன் முழங்கால் மோவாயைத் தொட ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்து நாற்காலியில் ரெட்டைச் சடை போட்ட ஒரு சின்னது, அதன் அம்மா தையற்காரி. அது இவனை ஏற இறங்கப் பார்த்து, "உங்களுக்கும் பதிமூணா?" என்று கேட்டது.

"ஆமா கண்ணு."

"அழக் கூடாது."

"நீ அழ மாட்டியா?"

"நான் பெரியவ."

நர்ஸுக்கு நரம்பு சிக்கவில்லை, திரும்பத் திரும்பக் குத்தினார். சில்லு பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டகச்சிவிங்கியையே பார்த்தான்.

ஏப்ரல் 30, புதன்

இரண்டாவது ஊசி. சொல்லும்படி ஒன்றும் இல்லை.

மே 9, வெள்ளி

நேற்று சில்லுக்கு உள்ளங்கையில் வெட்டு. இன்று காலையில் இருந்து நான், கண்ணாடி வெட்டுகிறவர், பையன்கள், எல்லாரும் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கசியவில்லை. மத்தியானமும் இல்லை. கடை மூடும்போதும் இல்லை.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. இத்தனை வருஷமும் மறுநாளை எதிர்பார்த்தே பழகிவிட்டது. அது வராமல் போனால், எங்கேயோ போய் ஒளிந்துகொண்டதுபோல இருக்கிறது. பத்துத் தடவை கதவு வரை போய் வந்தேன்.

மருந்து கொடுப்பது இதைத்தான் போல, ஒன்றும் நடக்காமல் இருப்பதை. அதைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்க்க முடியாது, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க முடியாது. தரம் பார்க்காமல் ஒரு சரக்கை எடுத்து எனக்குப் பழக்கமில்லை.

மே 28, புதன்

மூன்றாவது ஊசி போட்டுக்கொண்டு வந்தவன் இதுதான் கடைசி என்றான். எனக்குத்தான் சரியாகிவிட்டதே என்கிறான்.

"உனக்குச் சரியாகலைடா, உள்ள மருந்து இருக்கு. அவ்வளவுதான்" என்றாள் அவன் அக்கா.

வாசலில் ஒரு கட்டடக்காரர் நிற்கிறார், மெதுவாகப் பேசு என்று அவளை அடக்கினான். எதற்கு அடக்க வேண்டும்? கேட்க நினைத்தேன், அதற்குள் அவர் உள்ளே வந்துவிட்டார்.

ஜூன் 25, புதன்

கடைசி என்றவனை அவன் அக்கா விடவில்லை, ஊசிக்குப் போனோம். மருந்து கொடுக்கும் ஜன்னலில், இந்த மாதம் சரக்கு வரவில்லை என்றார்கள். கொஞ்சம்தான் இருக்கிறது, அது குழந்தைகளுக்கு. பெரியவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும், வந்ததும் கூப்பிடுகிறோம் என்றார் மருந்துக்காரர். மரியாதையாகத்தான் சொன்னார்.

சரிங்க, பரவாயில்லைங்க என்றேன்.

சில்லுக்கு ஒரே குஷி. எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி கேட்டாள்: "எப்ப வரும்னு கேட்டீங்களா? வேற எங்க கிடைக்கும்னு கேட்டீங்களா?"

இல்லை.

"கண்ணாடி ஒரு நாள் லேட்டானா நாலு பேரைத் தூங்க விட மாட்டீங்க."

அது காசு கொடுத்த சரக்கு, அதட்டலாம், இது அவர்களாகக் கொடுப்பது, இதில் என்ன உரிமையில் குரலை உயர்த்துவது என்றேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஜூன் 30, திங்கள்

அலுமினியச் சட்டம் அனுப்புகிறவன் சொன்ன தேதியில் அனுப்பவில்லை. போனில் கிழித்தெடுத்துவிட்டேன். தெரு முனை வரை கேட்டதாம்.

வைத்த கையோடு ஆஸ்பத்திரிக்குப் போட எடுத்தேன். வைத்துவிட்டேன். அவர்கள்தான் கூப்பிடுகிறோம் என்றார்களே.

ஜூலை 3, வியாழன்

கூப்பிடவில்லை. சில்லு வண்டி ஏறி இறங்குவதைக் கடைக்குள் இருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு ஆர்டரைத் தப்பாக எழுதினேன்.

ஜூலை 5, சனி

காலையில், பாதி கட்டின வீட்டில் குனிந்து அளவெடுத்துவிட்டு நிமிர்ந்தவன், திறந்திருந்த ஜன்னல் சட்டத்தில் நங்கென்று இடித்துக்கொண்டான். ரத்தம் இல்லை. உச்சியில் ஒரு புடைப்பு. கடைக்கு வந்து அதையே ஒரு கதையாகச் சொன்னான். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு மாமா. தலைப்பாகைதான் இல்லை" என்றான்.

மனைவிக்குச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னான். சொன்னேன். அடுத்த நிமிஷம் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறாள்.

என் புத்தி என்ன சொன்னது என்பதையும் எழுதிவிடுகிறேன். சனிக்கிழமை, டாக்டர் அம்மா இருக்க மாட்டார், குப்பியும் இல்லை, சரக்கே இல்லாத கடைக்குப் போய் என்ன செய்ய, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இதைச் சொல்லவும் சொன்னேன். அவள் காது கொடுக்கவில்லை. ஆட்டோவில் ஏறிவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் பின்னாலேயே ஏறினோம்.

அவள் சீட்டு எழுத வரிசையில் நின்றாள். டியூட்டி டாக்டரிடம் நான், தலையில் இடித்துக்கொண்டான் என்று மட்டும் சொன்னேன். அவர் சின்ன வயசு, அக்கறையாகத்தான் பார்த்தார். ரத்தம் எடுத்துச் சோதித்து, உறைவதெல்லாம் நன்றாக இருக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்றார். சில்லு எழுந்துவிட்டான். நானும் எழுந்தேன். எழுந்து, நன்றி என்றுகூடச் சொன்னேன். நான்தான்.

வாசல்படியில் அவள் எதிரே வந்தாள். போகலாம்னு சொல்லிட்டாங்க, ரத்தம் உறையுதாம் என்றேன்.

"உறையும். அவனுக்கு எப்பவும் உறையும்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். எனக்குக் கடை ஞாபகம் வந்தது. தோல் போட்ட சிலிக்கானை விரலால் அமுக்கிப் பார்க்காமல் நான் எவனையாவது கண்ணாடியை நிறுத்த விட்டிருக்கிறேனா?

திரும்பிப் போனேன். இந்தத் தடவை என் குரலிலேயே பேசினேன். "தம்பி, நான் பாதிதான் சொன்னேன். தப்பு என்னோடது. இவனுக்குப் பதிமூணாவது பொருள் பிறவியிலேயே கிடையாது. இன்னிக்கு உறையும், நாளைக்கு உள்ள அவிழும். போன மாசம் போட வேண்டிய மருந்தும் போடலை. ரத்த டாக்டர் அம்மாவுக்கு இப்பவே போன் போடுங்க. போடற வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன்."

அவர் முகம் மாறியது. உடனே போன் போட்டார். அந்தப் பக்கத்தில் இருந்து வந்த உத்தரவுகள் எனக்கே கேட்டன. தலையை ஸ்கேன் எடு, ரத்த வங்கியில் இருந்து பிளாஸ்மா வாங்கி ஏற்று, முடிவுக்குக் காத்திருக்காதே.

தலைக்குள் கசிவு இருக்கிறது. சின்னதுதான், நகக்கண் அளவு. இன்றைக்குச் சின்னது.

ஜூலை 6, ஞாயிறு

மறுநாள்.

வாந்தி எடுத்தான். கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிறான். குப்பி வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில் இருக்காம், டாக்டர் அம்மா பேசிட்டாங்களாம், வண்டி கிளம்பிடுச்சாம் — எங்க வருது, யார் ஓட்டுறான், எதுவும் தெரியாது. என் லாரியா இருந்தா இந்நேரம் டிரைவருக்கு நூறு போன் போட்டிருப்பேன். வராந்தாவுல நடந்துகிட்டே இருக்கேன். ஒரு அம்மா, உக்காருங்கய்யா எனக்குத் தலை சுத்துதுன்னு சொல்லிடுச்சு.

மதியம் டாக்டர் அம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க.

"குப்பி வரலைன்னு எனக்கு ஏன் சொல்லலை? வர்ற வரைக்கும் பிளாஸ்மா ஏத்தியிருப்பேன். இப்ப வாங்கின மாதிரி அப்பவே வாங்கியிருப்பேன்."

"காசு கொடுக்காத சரக்குங்களே, எப்படி…"

அவங்க திட்டவும் இல்லை. மருந்து ஜன்னல்ல இருந்து தனக்குத் தகவல் வந்திருக்கணும், அது எங்க தப்புதான்னும் சொன்னாங்க. திட்டியிருக்கலாம்.

கேட்டிருந்தா போதும். கேட்கறதே தொழிலா வச்சிருக்கிறவன் நான்.

சாயங்காலம் அவன் அக்கா கட்டில் பக்கத்துல உக்காந்து கூப்பிட்டுகிட்டே இருந்தா. அசையலை. தோளைத் தொட்டா. அசையலை.

"டேய். நடிக்கிறியாடா?"

கண்ணைத் திறக்காமலேயே, "ஆமாக்கா" என்றான்.

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அதற்கப்புறம் கொஞ்ச நேரத்தில் குப்பி வந்தது.

ஜூலை 9, புதன்

இரண்டாவது ஸ்கேன். கசிவு நின்றுவிட்டது, பெரிதாகவில்லை. டாக்டர் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அவர் சலிக்காமல் சொன்னார்.

ஜூலை 16, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டான். ஏணி, படி எதுவும் கொஞ்ச நாளைக்குக் கூடாது. நாள் முழுக்க உட்கார்ந்து எங்கள் உயிரை எடுக்கிறான்.

குப்பி விஷயத்தில் தப்பு பண்ணிவிட்டேன் என்று அவனிடமே சொன்னேன். அவன், "நீங்க கேட்கலை. நான் கேட்கவே விடலை மாமா. இல்லைன்னதும் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?" என்றான்.

வலிக்குப் பயந்தா என்று கேட்டேன். இல்லையாம். மாதம் ஒருமுறை காணாமல் போனால் கட்டடக்காரர்கள் எங்கே என்று கேட்பார்கள், என்றைக்காவது விஷயம் வெளியே வந்துவிடும். "இப்படிப்பட்ட ஆளைத் தெரிஞ்சே எவன் மாமா சாரத்துல ஏத்துவான்? அளவெடுக்கறதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?"

வராத ரத்தம், வராத கஸ்டமர் என்றெல்லாம் பேசியது இதை மூடத்தான். நானும் அந்தப் பேச்சுக்கெல்லாம் பதில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு கஸ்டமர் விலை ஜாஸ்தி என்று சொன்னால் விலை காரணமில்லை என்று தெரிந்த எனக்கு, வீட்டில் இருக்கிறவன் விஷயத்தில் மூளை வேலை செய்யவில்லை.

நான் அந்தக் கட்டடக்காரர்களில் ஒருவனாக இருந்தால் ஏற்றுவேனா?

ஜூலை 28, திங்கள்

மருந்து ஜன்னலுக்குப் போன் போட்டேன். போன வாரமும் போட்டேன். குரலைக் கேட்டதுமே, கண்ணாடிக்காரரா என்கிறார் மருந்துக்காரர். எரிச்சலா சிரிப்பா என்று பிரிக்க முடியவில்லை. அடுத்த குப்பி வந்துவிட்டதாம், இவன் பேரில் எடுத்து வைத்தாயிற்றாம். அந்த ரெட்டைச் சடைக்கும் இருக்கிறதா என்று கேட்டேன். அதெல்லாம் அவங்க அம்மா போன வாரமே வந்து உட்கார்ந்து உறுதி பண்ணிட்டாங்க என்றார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஊசி. அவனே முன்னால் போய் உட்கார்ந்தான். கட்டடக்காரர்களிடம் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று சொல்லியிருக்கிறான். இன்னும் எத்தனை விசேஷம் வைப்பான்?

ஆகஸ்ட் 14, வியாழன்

ஏணி ஏறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்று முதல் வேலை. திரும்பி வரும்வரை நான் ஒரே கண்ணாடியை மூன்று தடவை துடைத்ததாகப் பையன்கள் பேசிக்கொள்கிறார்கள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

அடுக்குமாடி கட்டுகிறவர் போன் செய்தார். இந்த வருஷத்தில் எங்களுக்குப் பெரிய ஆர்டர் அதுதான். வரும் திங்கள் காலை எல்லா மாடிக்கும் அளவெடுக்க வேண்டுமாம். சில்லு போனை எடுத்தான். நான் அடுத்த மேஜையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"திங்கள் வர முடியாதுங்க" என்றான். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். இவன் என்னைப் பார்த்தான், பிறகு தெருவைப் பார்த்தான்.

"விசேஷம் இல்லீங்க. எனக்கு ஊசி. ரத்தத்துல ஒரு கோளாறு, பிறவியில இருந்தே இருக்கு. மாசா மாசம் போட்டுக்கணும்."

உள்ளே கண்ணாடி வெட்டுகிறவர் கையை நிறுத்திவிட்டார். எனக்கு அந்த ஆர்டர் போய்விட்டது என்றே பட்டது. போனாலும் போகட்டும் என்று நினைத்ததாக எழுத ஆசைதான். நினைக்கவில்லை.

"சாரத்துல ஏறலாங்க. போட்டுக்கிட்டா தாராளமா ஏறலாம். போட்டுக்காமதான் ஏறக் கூடாது" என்றான் சில்லு. பிறகு, "சரிங்க. சரிங்க. வச்சிடறேன்."

போனை வைத்துவிட்டு, "செவ்வாய் வரச் சொல்றாங்க. கீழ இருந்து கயிறு பிடிக்க ஒரு ஆளும் போடறாங்களாம்" என்றான். டேப்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனான்.

செவ்வாய்க்கிழமைக்கு வேறொரு வேலை ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதைத் தள்ளிவைக்கச் சொல்லி அந்த ஆளிடம் நான்தான் பேச வேண்டும். என்ன காரணம் சொல்லலாம் என்று பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

யோசிக்க என்ன இருக்கிறது, அவனே உள்ளதைச் சொல்லிவிட்டான். போனை எடுத்தேன்.